ஐந்தாம் விளக்கின் வீடு

வைகறை என்ற கப்பல் கிளம்பி முப்பது ஆண்டுகள் ஆன பிறகுதான், ஐந்தாம் விளக்கின் வீடு வேறு என்பது மங்கையர்க்கரசிக்குத் தெரியவந்தது.

வானத்தில் ஊசிமுனை போல ஒரே புள்ளியாகத் தெரியும் ரேடியோ மூலங்களைத்தான் சிறுமலை நிலையத்தில் வேலை பார்ப்பவர்கள் விளக்கு என்பார்கள். அந்தப் புள்ளியைத் தன் நடுவில் வைத்திருக்கும் கேலக்ஸி, வீடு. அறிக்கைகளில் இரண்டுக்கும் நீளமான பெயர்கள் உண்டு. கேன்டீனில் அவை செல்லாது. மங்கையின் வேலை விளக்குகளுக்கு வீடு பார்ப்பது. ரேடியோவில் புள்ளி தெரிகிற அதே இடத்தில் சாதாரண ஒளியில் எந்தக் கேலக்ஸி இருக்கிறது, அது எவ்வளவு தூரம், எவ்வளவு பெரியது, அதன் நட்சத்திரங்களின் மொத்த எடை என்ன என்று அளந்து சொல்ல வேண்டும். ரேடியோப் புள்ளியை மட்டும் வைத்துக்கொண்டு தூரத்தைச் சொல்ல முடியாது. வீட்டைப் பார்த்தால்தான் சொல்லலாம்.

அந்தத் தூரங்களை நம்பித்தான் வைகறை போய்க்கொண்டிருந்தது. இருநூற்றுச் சொச்சம் பேரை உறங்கவைத்து ஏற்றிக்கொண்டு, சூரியனுக்கு அடுத்த நட்சத்திரத்தை நோக்கிக் கிளம்பிய முதல் கப்பல் அது. பாதியைத் தாண்டி வெகுதூரம் போய்விட்டது. போகப்போக, பக்கத்து நட்சத்திரங்கள் இடம் மாறித் தெரியும். அதனால் மிகத் தொலைவில் இருக்கும், அசையாத ஆறு விளக்குகளைப் பார்த்துத் தன் பாதையைச் சரிபார்த்துக்கொள்ளும்படி அதைச் செய்திருந்தார்கள். எங்கே வேகத்தைக் குறைக்கத் தொடங்க வேண்டும் என்பதையும் அந்த ஆறும்தான் சொல்ல வேண்டும்.

இரண்டாவது கப்பலான புலரி தயாராகிக்கொண்டிருந்தது. அதற்காகப் பழைய வீடுகளையெல்லாம் புதிய விண் தொலைநோக்கியில் ஒருமுறை படம் எடுத்து அளந்துவிடச் சொல்லியிருந்தார்கள். சம்பிரதாயமான வேலை. ஐந்தாம் விளக்கின் இடத்தில் பழைய படங்களில் சின்னதாக, சிவப்பாக, உருண்டையாக ஒரு கேலக்ஸி இருந்தது. வெகு தொலைவில் இருப்பது. அதுதான் வீடு என்று முப்பது ஆண்டுகளுக்கு முன்பே எழுதியாகிவிட்டது. புதிய படத்திலும் அது அங்கேயே இருந்தது. ஆனால் அதைச் சுற்றியிருந்த வானம் மங்கைக்குக் கொஞ்சம் வெளுத்துத் தெரிந்தது.

படத்தை அளக்கும்போது வானத்தின் பொதுவான வெளிச்சத்தை மென்பொருள் தானாகக் கழித்துவிடும். அவள் அந்தக் கழித்தலை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். படம் முழுக்கப் பனிமூட்டம் போல ஒன்று நின்றது. அவ்வளவு பரந்து, அவ்வளவு மங்கலாக இருந்ததால், அதை வானம் என்றே நினைத்து எல்லோரும் கழித்துக்கொண்டிருந்தார்கள். அது வானம் இல்லை. மிகப் பக்கத்தில் இருக்கும் ஒரு சோகை பிடித்த கேலக்ஸி. சிவப்பு உருண்டை அதற்கு வெகு பின்னால், தற்செயலாக நேர்கோட்டில் நின்றது. விளக்கைச் சுற்றியிருந்த வாயுவின் வேகத்தை எடுத்து இரண்டோடும் ஒப்பிட்டாள். பக்கத்தில் இருந்ததோடுதான் பொருந்தியது.

எழுந்து கேன்டீனுக்குப் போனாள். சாப்பாட்டு நேரம். எதிரே வந்து உட்கார்ந்த அமலதாஸ், ஏன் சாப்பிடாமல் பிசைந்துகொண்டிருக்கிறாய் என்று கேட்டார்.

அமலதாஸ் நிலையத்தின் பெரிய ரேடியோத் தட்டைப் பார்த்துக்கொள்பவர். மாதம் ஒருமுறை வைகறையிலிருந்து வரும் 'நலம்' என்ற ஒற்றைத் துடிப்பைப் பிடித்துப் பதிவு செய்வது அவர் பொறுப்பு. அப்போது அவருக்கு நாற்பத்திரண்டு வயது. அவருடைய அம்மா செலின் அந்தக் கப்பலின் வழிகாட்டும் அதிகாரி. மகனுக்குப் பன்னிரண்டு வயதாக இருக்கும்போது கிளம்பிப் போனார். அவரை வத்தலக்குண்டில் சித்தப்பா வளர்த்தார். அமலதாசிடம் அம்மா எங்கே என்று யாராவது கேட்டால், "வெளியூர்ல இருக்காங்க" என்பார், சிரிக்காமல். கப்பலில் உறங்குகிறவர்களுக்கு வயது ஏறாது. அதனால் அம்மாவைவிட அவர் இப்போது மூத்தவர்.

அவரிடம் சொல்லாமல் இருக்க முடியாது என்று மங்கைக்குத் தோன்றியது. வேறு யாரிடம் முதலில் சொன்னாலும் அது தப்பாகிவிடும் என்றும் தோன்றியது.

"பஸ்ல போறப்ப தூரத்து மலை கூடவே வர்ற மாதிரி இருக்கும்லண்ணே. பக்கத்து மரமெல்லாம் பின்னால ஓடும்," என்றாள். "மலைன்னு நெனச்சு ஒரு மரத்தைக் குறி வெச்சுக் கப்பலை ஓட்டிக்கிட்டிருக்கோம்."

"அஞ்சாவதா?"

"ஆமாண்ணே. அதுவும் ஆடுற மரம். அந்த வீட்டுக்குள்ள கருந்துளை ரெண்டு இருக்கு போல. ஒண்ணை ஒண்ணு சுத்துது. அதனால விளக்கு அங்கிட்டும் இங்கிட்டும் நகருது. இத்தனை வருஷம் நகர்ந்தது கப்பலோட கணக்குல ஏறியிருக்கும்."

எவ்வளவு தப்பிப் போகும் என்று அவர் கேட்டார். நிற்க வேண்டிய இடத்தில் நிற்காது என்று அவள் சொன்னாள்.

"அங்க நிக்கலைன்னா?"

"அப்புறம் எங்கயும் நிக்காதுண்ணே."

அமலதாஸ் தட்டில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்தார். தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து, இயக்குநரிடம் சொல்லிவிட்டாயா என்று மட்டும் கேட்டார்.

இயக்குநர் கோதண்டம் படத்தைப் பார்த்த சில நிமிடங்களிலேயே புரிந்துகொண்டார். மறுப்பே சொல்லவில்லை. அன்றைக்கே, கப்பல்களை அனுப்பும் பயண ஆணையத்துக்கு அறிக்கை போயிற்று. அனுப்ப வேண்டிய கட்டளையும் ஒற்றை வரிதான்: ஐந்தாம் விளக்கை விட்டுவிடு. மற்ற ஐந்தையும் வைத்துக் கப்பல் தானாகவே கொஞ்சம் கொஞ்சமாகப் பாதைக்கு வந்துவிடும். செய்தி போய்ச்சேர மூன்றாண்டுக்கு மேல் ஆகும் என்றாலும் அதற்கு வேண்டிய அவகாசம் இருந்தது.

ஆணையம், இன்னொருமுறை அளந்து பாருங்கள் என்று பதில் எழுதியது.

அதற்குக் காரணம் புலரி. அதுவும் அதே விளக்குகளைப் பார்த்துத்தான் போக வேண்டும். ஒரு விளக்கின் வீடு தப்பு என்று ஒப்புக்கொண்டால், மற்றவற்றின் வீடுகள் சரியா என்று கேள்வி வரும். கட்டுமானத்தை நிறுத்த வேண்டியிருக்கும். எவ்வளவு உறுதி என்று மங்கையிடம் கேட்டார்கள். முழு உறுதி என்று எந்த அளவையையும் சொல்ல முடியாது என்பதால், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து என்று அவள் நேர்மையாக எழுதினாள். மிச்சமிருந்த ஐந்தைப் பிடித்துக்கொண்டார்கள்.

அவள் திரும்ப அளந்தாள். அதே விடை. தொலைநோக்கி நேரம் தரமுடியாது என்றார்கள். கெஞ்சி வாங்கி மறுபடி அளந்தாள். இடையில் ஆணையத்தின் தலைவர் மாறினார். புதியவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து படிக்க விரும்பினார். ஒரு வல்லுநர் குழு அமைத்தார்கள். குழு இரண்டு முறை கூடியது.

"அவங்க பொய் சொல்லலை மங்கை," என்று கோதண்டம் ஒருநாள் சொன்னார். "அவசரமில்லைன்னு நெசமாவே நம்புறாங்க. பொய் சொன்னாக்கூட கையும் களவுமா பிடிக்கலாம்."

வீட்டிலும் அவளுக்கு நிம்மதி இல்லை. அவள் கணவன் சிவகுரு புலரியின் கட்டுமானத் தளத்தில் மேற்பார்வையாளன். அவள் சொல்வது சரியாகத்தான் இருக்கும் என்று அவனுக்குத் தெரியும். ஆனாலும் நீதானா இதைச் சொல்ல வேண்டும், கூட வேலை பார்க்கும் மற்றவர்கள் எல்லாம் வாயை மூடிக்கொண்டுதானே இருக்கிறார்கள் என்று கேட்டான். அவர்களுக்குச் சொல்ல எதுவும் இல்லை, அவர்கள் அந்தப் படத்தைப் பார்க்கவில்லை என்று இவள் சொன்னாள். பேச்சு குறைந்துகொண்டே வந்தது.

நான்காவது ஆண்டில் மங்கை மலையை விட்டு இறங்கிப் பயணர் குடியிருப்புக்குப் போனாள்.

கப்பலில் போனவர்களின் குடும்பங்களுக்கு நத்தம் சாலையில் அரசு கட்டிக்கொடுத்த வீடுகள் அவை. நடுவில் ஒரு மண்டபம். ஒவ்வொரு மாதமும் 'நலம்' துடிப்பு வந்த தகவலை அந்த மண்டபத்து வாசலில் எழுதிப் போடுவார்கள். யார் யாரெல்லாமோ வந்து அதைப் பார்த்துவிட்டுப் போவார்கள். அங்கே சற்குணம் டீச்சர் என்று ஒருவர் இருந்தார். அப்பா அம்மா இருவரும் கப்பலில் போனபோது அவர் கைக்குழந்தை. பக்கத்து மேல்நிலைப்பள்ளியில் கணக்கு எடுப்பவர். அவர்தான் எல்லோரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

மங்கை ஒளிக்காமல் சொன்னாள். படத்தைச் சுவரில் போட்டுக் காட்டினாள். பிறகு கேள்விகள் வந்தன. பெரும்பாலானவை எப்போது செய்தி அனுப்புவார்கள் என்பதைப் பற்றித்தான். பூமிராஜ் என்று ஒருவர், ஒரே மகளை அனுப்பியவர், கடைசியாக எழுந்தார். கப்பல் நிற்காமல் போனால் அப்போது மகள் விழித்திருப்பாளா என்று கேட்டார்.

"இல்லைங்கய்யா. தூக்கத்துலயேதான் இருப்பாங்க."

"அப்ப அவளுக்குத் தெரியாது," என்றார் அவர். நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

அந்த வாரமே அவர் சிறுமலை நீர்த்தேக்கத்தில் விழுந்து இறந்துபோனார். மங்கை துக்கம் கேட்கப் போனாள். அவர் மனைவி அவளை உள்ளே வாவென்றும் சொல்லவில்லை, போவென்றும் சொல்லவில்லை. வாசலில் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு அவள் திரும்பினாள். பூமிராஜிடம் அதைச் சொல்லியிருக்க வேண்டுமா என்ற கேள்வி அவளோடு மலையேறி வந்தது.

அந்தச் சாவுக்குப் பிறகுதான் விஷயம் பத்திரிகைகளுக்குப் போனது. குடியிருப்பு முழுக்க வந்து மலைப்பாதையின் முதல் கொண்டை ஊசி வளைவில் உட்கார்ந்தது. நிலையத்தின் வண்டிகள் ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. அமலதாசும் வேலைக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் போய் அவர்களோடு உட்கார்ந்தார். சில வாரங்களில் ஆணையம் பணிந்தது. புலரியை நிறுத்திவைத்தார்கள். தளத்தில் வேலை பார்த்தவர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். திண்டுக்கல் பஸ் நிலையத்தில் மங்கையை அடையாளம் கண்டுகொண்ட ஒருவன் அவள் காலடியில் துப்பிவிட்டுப் போனான். சிவகுருவுக்கு ஓசூரில் ஏதோ வேலை கிடைத்தது. பெட்டியை எடுத்துக்கொண்டு போனவன் பண்டிகைகளுக்கு மட்டும் போன் செய்தான்.

ஆனால் இப்போது ஒற்றை வரிக் கட்டளை போதாது. நான்கு ஆண்டுகள் போய்விட்டன. செய்தி போய்ச்சேரும்போது, கப்பல் தானாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிக்கொள்ள வேண்டிய தூரம் மிச்சமிருக்காது. அதனால் விளக்கை விட்டுவிடு என்பதோடு, இந்தப் பக்கமாக இத்தனை அளவு திரும்பு என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. ஐந்தாம் விளக்கு இத்தனை ஆண்டுகளில் கப்பலை எவ்வளவு விலக்கியிருக்கும் என்று மங்கையும் இன்னும் சிலரும் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். ஒருவர் போட்டதை மற்றவர்கள் சரிபார்த்தார்கள். எல்லோருக்கும் ஒரே விடை வந்தது. ஒரு புதன்கிழமை காலை அமலதாஸ் ரேடியோத் தட்டைத் திருப்பி வைத்தார். கட்டளை கிளம்பியது.

குடியிருப்பிலிருந்து வந்திருந்தவர்கள் மங்கையைச் சூழ்ந்துகொண்டார்கள். சற்குணம் டீச்சர் அவள் கையைப் பிடித்தார், வெகுநேரம் விடவில்லை. பூமிராஜின் மனைவியும் வந்திருந்தார்.

அதற்குப் பிறகு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. மாதாமாதம் துடிப்பு வந்தது. மங்கை வேறு விளக்குகளுக்கு வீடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு பிற்பகல் அமலதாஸ் அவளைக் கட்டுப்பாட்டு அறைக்குக் கூப்பிட்டார். கோதண்டத்தையும் அழைத்திருந்தார். துடிப்பு வர வேண்டிய நாள் இல்லை. ஆனாலும் வைகறையிலிருந்து ஏதோ வந்திருக்கிறது, பேச்சு போலத் தெரிகிறது, இன்னும் கேட்கவில்லை என்றார். தனியாகக் கேட்க அவருக்கு விருப்பமில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

இரைச்சலைக் குறைத்ததும் ஒரு பெண்குரல் வந்தது.

"சிறுமலைக்கு. வைகறையிலேருந்து செலின் பேசுறேன்."

அமலதாஸ் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். கிட்டத்தட்ட முப்பத்தேழு ஆண்டுகளுக்குப் பிறகு அவர் கேட்ட அந்தக் குரல் அவரைவிட வயதில் சிறியது.

கப்பலில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஓர் அதிகாரியை எழுப்பி, ஒரு மாதம் எல்லாவற்றையும் சரிபார்க்கவைத்து, மறுபடி உறங்கவைப்பது வழக்கம். செலின் அப்படித்தான் எழுந்திருக்கிறார். கப்பல் போகிற நட்சத்திரத்தையே நேராகச் சின்னத் தொலைநோக்கியில் வைத்துப் பார்த்தபோது, ஆறு விளக்குகளும் சேர்ந்து சொல்கிற இடத்தோடு அது ஒத்துவரவில்லை. எந்த விளக்கு பொய் சொல்கிறது என்று கண்டுபிடிக்க அவரிடம் வழியில்லை. வீட்டைப் பார்க்கும் அளவுக்குப் பெரிய கண்ணாடி கப்பலில் கிடையாது. அதனால் தாமே அளந்து, மாதக்கணக்கில் திரும்பத்திரும்ப அளந்து, கடைசியில் கப்பலைத் திருப்பிவிட்டார். இப்போது பாதை சரியாக இருக்கிறது. ஆனால் ஏதோ ஒரு விளக்கு தொடர்ந்து பொய் சொல்லிக்கொண்டே இருப்பதால் அவ்வப்போது பார்த்துக் கையால் கணக்கை மாற்றிவிட வேண்டும். மற்ற அதிகாரிகளை எழுப்பி அவர்கள் ஆயுளையும் கெடுக்க அவருக்கு மனமில்லை. தாம் உறங்கப்போவதில்லை என்று முடிவு செய்திருக்கிறார்.

இதையெல்லாம் சந்தையில் காய் வாங்கி வந்ததைச் சொல்வது போல அவர் சொன்னார். கோதண்டம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மங்கை நின்றபடியே கேட்டாள். கப்பலைத் திருப்பிவிட்டேன் என்ற சொல் வந்தபோதே அவள் முகம் வெளிறிவிட்டது.

செலின் தொடர்ந்தார்.

"திருப்புறதுக்குன்னு இருந்த எரிபொருள்ல பாதி போயிருச்சு. இன்னும் ஒரு தடவைக்கு இருக்கு. ரெண்டாவது விஷயம். தூக்க மருந்து எனக்குச் சேரலை. கை நடுங்குது. ஒரே கணக்கை ரெண்டு தடவை கூட்டுனா ரெண்டு விடை வருது. நான் எத்தனை நாள் தெளிவா இருப்பேன்னு தெரியலை. ஊர்லேருந்து திருப்பச்சொல்லி கட்டளை வந்தா, முழிச்சிருக்கிற அதிகாரி ஒப்புக்கிட்டாத்தான் கப்பல் கேக்கும்னு ஒரு விதி வெச்சிருக்கீங்கள்ல. அதை எடுத்துட்டேன். நான் புத்தி தடுமாறி உங்களைத் தடுத்துறக் கூடாதுல்ல. என் கணக்கைவிட உங்க கணக்கு சரியா இருக்கும். நீங்க சொல்றதை இனிமே கப்பல் உடனே கேட்கும்."

பிறகு, "என் பையன் அமலு அங்க எங்கயாச்சும் இருந்தா யாராச்சும் சொல்லுங்க," என்றது குரல். "நான் கிளம்புறப்ப அவனுக்குப் பின்னம் கூட்ட வராது. சொல்லிக் குடுக்கணும்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன்."

அதோடு முடிந்தது.

அமலதாஸ்தான் முதலில் பேசினார்.

"சரி பண்ணிட்டாங்கல்ல?" என்று மங்கையைப் பார்த்துக் கேட்டார். "அப்புறம் ஏன் நீ இப்படி நிக்கிற?"

"அவங்க திருப்புனது நமக்குத் தெரியாதுண்ணே. திருப்பாத கப்பலுக்குத்தான் நாம கணக்குப் போட்டோம்." மேசையில் விரலால் கோடு இழுத்துக் காட்டினாள். "நம்ம கட்டளை போய்ச் சேர்ந்ததும் மறுபடி அதே அளவு திரும்பும். அந்தப் பக்கம் தப்பினது இந்தப் பக்கம் தப்பும். அதைச் சரி பண்ண எரிபொருள் இருக்காது."

"வேணாம்னு இப்பவே சொல்லி அனுப்பு."

"அனுப்பலாம். அது போய்ச்சேர மூணு வருஷத்துக்கு மேல ஆகும். முதல்ல அனுப்புனது இன்னும் கொஞ்ச மாசத்துல சேர்ந்துரும். இது அது பின்னாலயே போகும். பிடிக்காது."

கட்டளை சேர்ந்ததும் கப்பல் ஓர் அதிகாரியை எழுப்பிவிடும், தப்பாக இருந்தால் அவர் பார்த்துத் தடுத்துவிடுவார் என்ற ஒப்புதல் விதியை நம்பித்தான் அன்றைக்கு அனுப்பினார்கள். கோதண்டம் அதை வாய்விட்டுச் சொன்னார். அந்த நான்கு ஆண்டுகளைப் போக்காமல் முதலிலேயே அனுப்பியிருந்தால் அந்தக் கட்டளையில் திருப்பம் என்ற சொல்லே இருந்திருக்காது என்றும் சொன்னார். செலின் திருப்புவதற்கு முன்பே அது போய்ச் சேர்ந்திருக்கும். அவர் உறங்கப் போயிருப்பார். இதைச் சொல்லிவிட்டுக் கோதண்டம் நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் ஓய்வு பெற ஒரு மாதம்கூட இல்லை.

ஆனாலும் அன்று மாலைக்குள் ரத்துச் செய்தியை அனுப்பினார்கள். அமலதாஸ் தட்டைத் திருப்பி வைத்தார். செய்தியின் முடிவில் தாம் ஒரு வரி சேர்க்கலாமா என்று கேட்டார். பின்னம் கூட்ட வரும் என்று சேர்த்தார்.

கட்டளை கப்பலைச் சேரும் நாளைக் குடியிருப்பில் எல்லோரும் முன்பே கணக்கிட்டு வைத்திருந்தார்கள். அன்றைக்கு மண்டபத்தில் விருந்து ஏற்பாடாகியிருந்தது. மங்கையைச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டிருந்தார்கள். கோதண்டம் அவளிடம், ஒன்றும் சொல்ல வேண்டாம் என்றார். ஓய்வு பெற்ற பிறகும் அதற்காகவே மலையேறி வந்திருந்தார்.

"தெரிஞ்சு என்ன பண்ணப் போறாங்க? அப்பச் சொன்னே, அனுப்பவெக்க ஒரு செய்தி இருந்துச்சு. இப்ப என்ன இருக்கு? சந்தோஷமா இருந்துட்டுப் போகட்டுமே."

அன்று, இது அவர்களுக்குத் தெரிய வேண்டும் என்று மலையை விட்டு இறங்கிப் போய்ச் சொன்னவள் மங்கை. இப்போது வாயைத் திறந்தாலே, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அந்த வாசல்தான் நினைவுக்கு வந்தது. போகாமலே இருந்துவிடலாமா என்று கேட்டாள்.

"நீ சொல்ல வேணாம்," என்றார் கூட நின்ற அமலதாஸ். "அம்மா அவங்க எல்லாருக்கும் சேத்துத்தான் பேசியிருக்காங்க. நான் போட்டுக் காட்டுறேன். அதை மறைச்சு வெக்க எனக்கு உரிமை கெடையாது."

கோதண்டம் அவரைத் தடுக்கவில்லை.

விருந்து மதியத்துக்கு இருந்தது. மண்டபத்தில் வாழையிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். பின்பக்கம் பாயசம் கொதிக்கும் வாசனை வந்தது. எல்லோரும் புதுச் சட்டை போட்டிருந்தார்கள். மங்கைக்கு மாலை போட வந்தவர்களிடம் அவள் மறுத்துப் பேச முடியாமல் குனிந்து வாங்கிக்கொண்டாள். அமலதாஸ் ஒலிபெருக்கியை இணைத்துவிட்டு, இது எங்கம்மா, கப்பலிலிருந்து பேசியிருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னார். மண்டபம் அடங்கியது.

செலின் என்ற பெயரைக் கேட்டதுமே பலர் அழுதார்கள். தங்கள் ஆட்கள் போன கப்பலிலிருந்து ஒரு மனிதக் குரலை அவர்கள் கேட்பது அதுதான் முதல்முறை. தப்பைத் தாமே கண்டுபிடித்தது, மாதக்கணக்கில் அளந்தது, உறங்காமல் இருக்க முடிவு செய்தது என்று ஒவ்வொன்றாக வர வர, அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கப்பலைத் திருப்பிவிட்டேன், பாதை சரியாக இருக்கிறது என்று செலின் சொன்னபோது யாரோ கைதட்டத் தொடங்கினார்கள். மண்டபமே தட்டியது. ஒரு பெண் ஓடிவந்து அமலதாசின் தோளைக் கட்டிக்கொண்டார். பூமிராஜின் மனைவி முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். ஏற்கெனவே காப்பாற்றப்பட்ட கப்பலுக்கு இன்றைக்கு ஊரின் உதவியும் போய்ச் சேருகிறது என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

எரிபொருளைப் பற்றியும் விதியைப் பற்றியும் செலின் சொன்னது அந்தச் சத்தத்தில் அமுங்கிப்போயிற்று. மங்கை மாலையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சுவரோரம் நின்றாள்.

சற்குணம் டீச்சர் மட்டும் முன்வரிசையில் கையை உயர்த்திச் சத்தத்தை அடக்கப் பார்த்தார். முடியவில்லை. எழுந்து அமலதாசிடம் வந்து, கடைசிப் பகுதியை இன்னொருமுறை போடச் சொன்னார். அவர் போட்டார். டீச்சர் ஒலிபெருக்கியின் பக்கத்தில் காதை வைத்துக் கேட்டார். கேட்டு முடித்த பிறகும் அப்படியே குனிந்து நின்றார். பிறகு நிமிர்ந்து சுவரோரம் நின்ற மங்கையைத் தேடிப் பார்த்தார். மெதுவாக அவளிடம் நடந்து வந்தார்.

"அவங்கதான் முன்னமே திருப்பிட்டாங்களேம்மா," என்றார், பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்காத குரலில். "அப்ப நாம அனுப்பினது?"

பின்னால் இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.